டிவியில் பறக்கும் புள்ளிகள் பிரபஞ்சம் பிறந்தபோது வந்தவையா?

ஆன்டெனா தாத்தா

வணக்கம். தூத்துக்குடியில் 1985 முதல் இருபத்தைந்து வருடம் டிவி மெக்கானிக்காக இருந்தவன் நான். கொடைக்கானல் நிலையத்துக்கு ஒரு பக்கம், இலங்கையின் ரூபவாகினிக்கு இன்னொரு பக்கம் என்று மொட்டை மாடி மொட்டை மாடியாக ஏறி ஆன்டெனா திருப்பியவன்.

போன வாரம் எட்டாம் வகுப்புப் படிக்கும் பேத்தி வந்து, "தாத்தா, ஸ்டேஷன் வராதபோது பழைய டிவியில் கொசு மாதிரி பறக்குமே, அது பிரபஞ்சம் பிறந்தபோது வந்த வெளிச்சமாம், தெரியுமா?" என்று கேட்டாள். அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே வரவில்லை. அந்தப் புள்ளிகளை எத்தனை ஆயிரம் தடவை பார்த்திருப்பேன்!

ஆனால் ஒரு சந்தேகம். ஆன்டெனா வயரைக் கழற்றிவிட்டாலும் புள்ளி பறக்கும். அது டியூனருக்குள்ளேயே பிறக்கிற இரைச்சல். அப்படியிருக்க, வானத்திலிருந்து வந்தது எது, செட்டுக்குள் பிறந்தது எது என்று எப்படிப் பிரித்தார்கள்? இன்னொன்று, பிரபஞ்சம் பிறந்த அந்தப் பெருவெடிப்பு எந்தத் திசையில் நடந்தது? ஆன்டெனாவை எந்தப் பக்கம் திருப்பினால் அது கிடைக்கும்? பேத்திக்குச் சரியாகச் சொல்ல வேண்டும், அதனால் கேட்கிறேன்.

சாக்பீஸ்

ஐயா, கல்லூரியில் இயற்பியல் நடத்துகிறேன். வயரைக் கழற்றிப் பார்த்த உங்கள் சந்தேகம் ரொம்பச் சரியானது. இரைச்சலை வெப்பத்தின் அளவில், கெல்வினில் சொல்வோம். செட்டின் சொந்த இரைச்சல் சில நூறு கெல்வின் அளவுக்கு இருக்கும். நீங்கள் கேட்கும் ஆதி வெளிச்சமோ வெறும் 2.7 கெல்வின். டிவியில் பறக்கும் புள்ளிகளில் நூற்றில் ஒன்று ஆதி வெளிச்சம் என்று பலர் சொல்வது இந்தக் கணக்கில்தான். விஎச்எஃப் கீழ்ச் சேனல்களில் நம் பால்வீதியின் இரைச்சலே பல மடங்கு அதிகம் என்பதால் அங்கே அந்தப் பங்கு இன்னும் குறையும். ஆக, பேத்தி சொன்னதில் உண்மை இருக்கிறது, ஆனால் கொஞ்சம்தான்.

எப்படிப் பிரித்தார்கள் என்ற கதையை உங்களைப் போன்ற ஒருவருக்குச் சொல்வதில் எனக்குத் தனி சந்தோஷம். ஏனென்றால் அது முழுக்க முழுக்க ஃபால்ட் தேடிய கதை.

அமெரிக்காவில் நியூஜெர்சியின் ஹோம்டெல் என்ற ஊரில் பெல் ஆய்வகத்துக்கு ஒரு கொம்பு ஆன்டெனா இருந்தது. வாய் மட்டும் 20 அடி. எக்கோ என்ற பலூன் செயற்கைக்கோளில் பட்டுத் திரும்பும் சிக்னலைப் பிடிக்கக் கட்டியது. 1964இல் ஆர்னோ பென்சியாஸ், ராபர்ட் வில்சன் என்ற இருவர் அதை வைத்து வானத்தை அளக்க முயன்றபோது, எங்கிருந்து என்றே தெரியாத ஒரு மெல்லிய இரைச்சல் கூடவே வந்தது. நியூயார்க் நகரத்தின் பக்கம் திருப்பினார்கள், கூடவில்லை. மாதங்கள் ஓடின, பருவம் மாறியது, அது மாறவில்லை. ஆன்டெனாவின் ரிவிட் ஜாயின்ட்களில் அலுமினிய டேப் ஒட்டினார்கள். உள்ளே கூடு கட்டியிருந்த ஒரு ஜோடிப் புறாவை அப்புறப்படுத்தி எச்சத்தைக் கழுவினார்கள். இரைச்சல் போகவில்லை.

நீங்கள் கேட்ட 'எப்படிப் பிரித்தார்கள்' என்பதற்கு விடை இதுதான்: திரவ ஹீலியத்தில் குளிர வைத்த ஒரு மூலத்தைப் பக்கத்திலேயே வைத்திருந்தார்கள். அதிலிருந்து எவ்வளவு இரைச்சல் வரும் என்பது துல்லியமாகத் தெரியும். ஆன்டெனாவுக்கும் அதற்கும் சுவிட்சை மாற்றி மாற்றி ஒப்பிட்டார்கள். ஆன்டெனா பக்கம் மொத்தம் 6.7 கெல்வின். அதில் காற்று மண்டலத்தின் பங்கு 2.3. ஆன்டெனா உலோகத்தின் பங்கு சுமார் 0.8. தரையிலிருந்து பின்பக்கமாகக் கசிவது 0.1க்கும் குறைவு. எல்லாம் போக ஏறத்தாழ 3.5 கெல்வின் மிச்சம். அந்த மிச்சம்தான் ஆதி வெளிச்சம் (பின்னால் துல்லியமாக அளந்தபோது 2.7 என்று வந்தது). அதற்குத்தான் 1978இல் நோபல் பரிசு.

இதில் எனக்கு இன்றும் மனது கேட்காத ஒன்று உண்டு. ரால்ஃப் ஆல்ஃபர், ராபர்ட் ஹெர்மன் என்ற இருவர் 1948லேயே, பிரபஞ்சம் சூடாகப் பிறந்திருந்தால் இன்று சுமார் 5 கெல்வின் மிச்சம் இருக்க வேண்டும் என்று எழுதிவிட்டார்கள். அப்போது யாரும் தேடவில்லை. அவர்கள் பெயரை உங்கள் பேத்திக்குக் கட்டாயம் சொல்லுங்கள்.

ஆன்டெனா தாத்தா

அம்மா, நீங்கள் எழுதியதை மூன்று தடவை படித்தேன். நல்லது என்று தெரிந்த ஒன்றைப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவதுதான் எங்கள் வேலையும். சந்தேகமான போர்டை, ஓடுகிற போர்டோடு மாற்றி மாற்றிப் பார்ப்போம். டிரை சோல்டர், அதாவது சரியாகப் பிடிக்காத பற்றவைப்பு, தேடுவது மாதிரி அவர்கள் ஜாயின்ட் ஜாயின்டாக டேப் ஒட்டியதைப் படித்ததும் கண் கலங்கிவிட்டது.

திசையைப் பற்றி நீங்கள் சொல்லவில்லையே?

கரிசல் வானம்

அதை நான் சொல்லட்டுமா ஐயா. ஆன்டெனாவைத் திருப்பவே வேண்டாம். எல்லாத் திசையிலும் ஒரே அளவில் வருகிறது.

தீபாவளி அன்று தூத்துக்குடி முழுக்க, ஒரு வீடு விடாமல், ஒரே நொடியில் ஒரு வெடி வெடிக்கிறது என்று வையுங்கள். அதன் பிறகு ஊரே அமைதி. நீங்கள் உங்கள் மாடியில் நிற்கிறீர்கள். முதலில் அடுத்த வீட்டுச் சத்தம் கேட்கும், அப்புறம் அடுத்த தெரு, பிறகு துறைமுகம் பக்கத்துச் சத்தம். நொடிக்கு நொடி இன்னும் தூரத்து வளையத்திலிருந்து, சுற்றிலும் கேட்டுக்கொண்டே இருக்கும். துறைமுகத்தில் நிற்பவருக்கும் அப்படியேதான், அவரை நடுவில் வைத்து. வெடி ஓர் இடத்தில் வெடிக்கவில்லை, எல்லா இடத்திலும் வெடித்தது. பெருவெடிப்பு என்ற பெயர்தான் நம்மைக் குழப்புகிறது. அந்தப் பெயரை 1949இல் வானொலியில் முதலில் சொன்ன ஃப்ரெட் ஹாயில் அந்தக் கொள்கையையே ஏற்காதவர்.

ஒரு வித்தியாசம்: நமக்கு இப்போது வந்து சேரும் அந்த வெளிச்சம் பிறந்த நொடியிலேயே கிளம்பியதல்ல. முதல் 3,80,000 ஆண்டுகள் பிரபஞ்சம் மார்கழிப் பனிமூட்டம் மாதிரி இருந்தது. எலெக்ட்ரான்கள் தனியாக அலைந்து ஒளியை நேராகப் போகவிடவில்லை. வெப்பம் 3,000 கெல்வினுக்கு இறங்கியதும் அவை அணுக்களில் போய் ஒட்டிக்கொண்டன, மூட்டம் விலகியது. அன்று கிளம்பிய ஒளி, வெளி சுமார் 1,100 மடங்கு விரிந்ததால் நீண்டு, மைக்ரோ அலையாகிவிட்டது. இன்று ஒரு கன சென்டிமீட்டரில் அப்படிப்பட்ட ஃபோட்டான்கள், அதாவது ஒளித்துகள்கள், சுமார் 411 இருக்கின்றன. உங்கள் உள்ளங்கைக் குழியிலும்தான்.

ஆன்டெனா தாத்தா

பேத்தி பக்கத்திலேயே உட்கார்ந்து படித்தாள். அவள் கேட்கிறாள்: மூட்டத்துக்கு அந்தப் பக்கம் பார்க்க முடியாதென்றால், அதற்கு முன்னால் நடந்ததை எப்படிச் சொல்கிறார்கள்?

சாக்பீஸ்

நல்ல கேள்வி கண்ணு. அடுப்படியைப் பார்க்காவிட்டாலும் பாத்திரத்தில் மிஞ்சியதை வைத்து என்ன சமைத்தார்கள் என்று சொல்லலாம் இல்லையா?

ஒரு நொடி வயதில் பிரபஞ்சத்தின் வெப்பம் சுமார் 1,000 கோடி டிகிரி. அப்போது புரோட்டான், நியூட்ரான் எல்லாம் தனித்தனி. தனியாக இருக்கும் நியூட்ரான் நெடுநேரம் தாங்காது, பத்து நிமிடத்தில் பாதி சிதைந்துவிடும். வெப்பம் 100 கோடி டிகிரிக்கு இறங்கச் சில நிமிடங்கள் ஆயின. அதன் பிறகுதான் அவை சேர்ந்து நிலைக்க முடிந்தது. அந்த வேளையில் 7 புரோட்டானுக்கு 1 நியூட்ரான். அதாவது 14 புரோட்டானுக்கு 2 நியூட்ரான். 2 நியூட்ரானும் 2 புரோட்டானும் சேர்ந்தால் ஒரு ஹீலியம். மிச்சம் 12 ஹைட்ரஜன். எடைக்கணக்கில் நாலில் ஒரு பங்கு ஹீலியம். கனமான தனிமங்கள் மிகக் குறைவாக உள்ள பழைய வாயுக்களில் தேடினாலும் ஏறத்தாழ அதே அளவுதான் கிடைக்கிறது.

எல்லாமே பொருந்திவிடவில்லை. லித்தியம் மட்டும் கணக்கில் வருவதில் மூன்றில் ஒரு பங்குதான் பழைய விண்மீன்களில் தெரிகிறது. இன்னும் தேடிக்கொண்டிருக்கிறார்கள். நீ படித்து வரும்போதும் அது மிச்சமிருக்கலாம்.

பொருட்காட்சி

அப்படியென்றால் திருவிழாவில் விற்கும் ஹீலியம் பலூனில் இருப்பதும் அந்த முதல் சில நிமிடத்து ஹீலியமா?

கரிசல் வானம்

இல்லை. அது பூமிக்குள் யுரேனியமும் தோரியமும் சிதைந்து உண்டானது, இயற்கை எரிவாயுவோடு கிடைக்கிறது. அந்தக் காலத்துப் பொருள் வேண்டுமென்றால் ஒரு தம்ளர் தண்ணீரை எடுத்துக்கொள்ளுங்கள். அதிலுள்ள ஹைட்ரஜனின் புரோட்டான்கள் முதல் நொடிக்குள் உருவானவை, வயது 1,380 கோடி ஆண்டுகள். ஆக்சிஜன் பின்னால் விண்மீன்களில் வெந்தது.

ஆன்டெனா தாத்தா

எல்லோருக்கும் நன்றி. கடைசியாக ஒன்று. வீட்டில் பழைய டிடிஎச் டிஷ், எல்என்பி (டிஷ்ஷுக்கு முன்னால் மாட்டும் ரிசீவர்) இரண்டு, சிக்னல் ஃபைண்டர் மீட்டர் எல்லாம் கிடக்கின்றன. இவற்றை வைத்து எதையாவது காட்ட முடியுமா?

சாக்பீஸ்

முடியும் ஐயா. செயற்கைக்கோள், சூரியன் எதுவும் இல்லாத வெறும் வானத்துக்கு டிஷ்ஷைத் திருப்புங்கள், மீட்டர் இறங்கும். அப்படியே பக்கத்துச் சுவருக்குத் திருப்புங்கள், ஏறும். எல்என்பிக்கு முன்னால் கையைக் காட்டினாலும் ஏறும். சுவரும் கையும் சுமார் 300 கெல்வின், வானம் அதைவிட எவ்வளவோ குளிர்ச்சி. அந்தக் குளிர்ச்சிக்குள் 2.7ஐத் தனியாகப் பிரிக்க திரவ ஹீலியமோ திரவ நைட்ரஜனோ வேண்டும், வீட்டில் முடியாது. ஆனால் சூடும் குளிர்ச்சியும் மீட்டரில் தெரிவதை அவள் கண்ணால் பார்த்துவிடுவாள்.

ஆன்டெனா தாத்தா

மீட்டருக்கு பவர் சப்ளை தேடி எடுத்துவிட்டேன். இங்கே மேகமாக இருக்கிறது. விட்டதும் இரண்டு பேரும் மாடிக்குப் போகிறோம். ரீடிங் எடுத்ததும் இங்கேயே எழுதுகிறேன்.