பீப்பாயில் ஊறியதா, விளைந்ததா?

அனைவருக்கும் வணக்கம்.

நம் பீர் சுவைக் குறிப்பு அட்டைக்காக, ‘பேரல் ஏஜ்டு’ (மரப் பீப்பாயில் மாதக்கணக்கில் வைத்தெடுத்த பீர்) என்பதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று மூன்று நாளாக இங்கே நடக்கும் பேச்சைப் படித்து வருகிறேன். ஐயா ‘பீப்பாய் முதிர்வு’ என்றார். அக்கா ‘பீப்பாயில் ஊறிய’ என்றார்கள். தம்பி ஒருவர், பல நாள் வைத்த என்ற பொருளில் ‘நாட்படு’ என்ற பழைய சொல்லை எடுத்து வந்தார். எனக்கு ‘பீப்பாயில் விளைந்த’ என்பதே சரியாகப் படுகிறது. காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

போன சனிக்கிழமை இரவு, சிங்கப்பூர் சிராங்கூன் சாலைப் பக்கம் நண்பர் வீட்டில் நாலு பேர் சேர்ந்து ஒரே போத்தலைப் பகிர்ந்துகொண்டோம். அமெரிக்காவின் மிச்சிகனில் உள்ள ஃபவுண்டர்ஸ் பீர் ஆலையின் கேபிஎஸ். காப்பியும் சாக்லேட்டும் சேர்த்துக் காய்ச்சி, போர்பன் என்ற அமெரிக்க விஸ்கி இருந்த பீப்பாயில் வைத்தெடுத்த ஸ்டவுட், அதாவது கெட்டியான கறுப்பு பீர். ஆல்கஹால் சுமார் 12 விழுக்காடு. நாலு பேருக்கு ஒரு போத்தல் என்பது கஞ்சத்தனம் அல்ல. இந்த வகையை அப்படித்தான் குடிக்க வேண்டும். விலையும் அப்படி. இங்கே பீருக்கும் ஸ்டவுட்டுக்கும் கலால் வரி உள்ளே இருக்கும் ஆல்கஹாலின் அளவைப் பொறுத்தது, ஒரு லிட்டர் ஆல்கஹாலுக்கு 60 வெள்ளி. 355 மில்லி போத்தலில் அந்த வரி மட்டுமே இரண்டரை வெள்ளி வந்துவிடுகிறது.

குளிர்பெட்டியிலிருந்து எடுத்து அரை மணி நேரம் மேசையில் வைத்தோம். எடுத்த உடனே குடித்தால் இனிப்பும் குளிர்ச்சியும்தான் தெரியும். 12 டிகிரி அளவுக்கு வரும்போதுதான் வாசம் பிரியும். ஊற்றியபோது கெட்டிச் சோயா சாஸ் போல கிளாஸின் பக்கத்தில் ஒட்டி மெதுவாக இறங்கியது. முதலில் வனிலா. அடுத்து நண்பரின் மனைவி மோந்து பார்த்துவிட்டு, “கொப்பரை வாசம் வருதே” என்றார். உண்மைதான். ஓக் மரத்தில் இயல்பாகவே தேங்காய் மணம் தரும் ஒரு பொருள் இருக்கிறது. வனிலா மணமோ, மரத்தில் உள்ள லிக்னின் என்ற பொருள் நெருப்பில் சிதைந்து வருவது. காப்பி கடைசியில்தான் வந்தது. நம் கோப்பிக் கடையில் சர்க்கரையும் மார்ஜரினும் போட்டு வறுத்த கொட்டையின் வாசம் வேறு. இது மெலிந்த கருகல் வாசம், ஆனால் நெடுநேரம் நின்றது.

இதில் ஊறியது எது? அக்கா சொன்ன சொல்லில் எனக்குத் தடை அங்கேதான். ஊறுகாயில் மாங்காய் ஊறுகிறது, அதாவது உப்பையும் காரத்தையும் உள்ளே வாங்குகிறது. இங்கே அப்படி வாங்கியது மரம். அமெரிக்கச் சட்டப்படி போர்பனை உட்புறம் கரித்த புது ஓக் கலத்தில்தான் வைக்க வேண்டும். ஒருமுறை பயன்பட்ட பீப்பாய் மறுபடி போர்பனுக்கு உதவாது. சுமார் 200 லிட்டர் கொள்ளும் அந்தப் பழைய பீப்பாய்கள்தான் ஸ்காட்லாந்துக்கும் பீர் ஆலைகளுக்கும் போகின்றன. பலகைக்குள் போர்பன் ஊறிக் கிடக்கிறது. பின்னால் வரும் ஸ்டவுட் அதை மரத்திலிருந்து இழுத்துக்கொள்கிறது. தவிர, ‘ஊறல்’ என்றதுமே தமிழ்நாட்டுச் செய்தி வாசிப்பவர்களுக்குச் சாராய ஊறல்தான் நினைவுக்கு வரும். அது காய்ச்சி வடிப்பதற்கு முன் நொதித்துக் கிடப்பது. பீப்பாய்க்குள் போகும் ஸ்டவுட் ஏற்கெனவே நொதித்து முடிந்தது. படிப்பவர் குழம்பிப்போவார்.

ஐயாவின் ‘முதிர்வு’ காலத்தை மட்டும் சொல்கிறது. எஃகுத் தொட்டியில் இருந்தாலும் முதிரும், போத்தலில் இருந்தாலும் முதிரும். முருங்கைக்காய் முதிர்ந்தால் என்ன ஆகும் என்பதும் நமக்குத் தெரியும். நல்ல காப்பி ஸ்டவுட் ஒன்றைச் சாமான் அறையில் ஒரு வருடம் பத்திரப்படுத்தினேன். நம் ஊர் வெக்கையில்! திறந்தபோது காப்பி போய், பச்சைக் குடைமிளகாயை நறுக்கிய வாசம் வந்தது. காப்பி சேர்த்த ஸ்டவுட்டுகளில் இது பலரும் கண்ட குறை. அன்றைக்கு ரொம்ப வருத்தமாக இருந்தது. போத்தலுக்குள் நடக்கும் இந்த மாற்றத்துக்கு, நல்லதோ கெட்டதோ, ‘முதிர்வு’ என்றே வைத்துக்கொள்வோம். பீப்பாய்க்கு வேறு சொல் வேண்டும்.

அந்தச் சொல் நம்மிடமே இருக்கிறது. திருமுருகாற்றுப்படையில் குன்றில் வாழும் கானவர்கள் “நீடமை விளைந்த தேக்கள் தேறல்” குடித்து மகிழ்கிறார்கள். நீண்ட மூங்கில் குழாயில் விளைந்த தேன் தேறல், அதாவது தேனால் ஆன கள்ளின் தெளிவு. கலத்தின் பெயர், ‘விளைந்த’, பிறகு பானத்தின் பெயர். நாம் தேடுகிற அமைப்பு அப்படியே இருக்கிறது. மூங்கிலை எடுத்துவிட்டுப் பீப்பாயை வைத்தால் போதும். பீப்பாயும் போர்ச்சுக்கீசியரிடமிருந்து வந்து தமிழாகிவிட்ட சொல்தான். ‘ஸ்டவுட்’ அப்படியே இருக்கட்டும்.

விளைச்சல் என்றால் வயல் அல்லவா என்று ஒருவர் கேட்டிருந்தார். உப்பளத்தில் உப்பு விளைகிறது. அங்கே யாரும் விதைக்கவில்லை. வெயில், காற்று, தண்ணீர், காலம் சேர்ந்தால் விளைகிறது. பீப்பாய்க்குள்ளும் மரமும், பலகை வழியே கசியும் துளிக் காற்றும், மாதங்களும் சேர்ந்துதான் வேலை செய்கின்றன. ஆனால் ‘பீப்பாய் விளைவு’ என்று பெயர்ச்சொல்லாக்கினால் ‘பீப்பாயால் வந்த பலன்’ என்று பொருள் திரும்பிவிடும் என்று இங்கே வந்த எச்சரிக்கை நியாயமானது. எனவே பானத்துக்குப் ‘பீப்பாயில் விளைந்த’ என்ற பெயரெச்சமும், செய்முறைக்குப் ‘பீப்பாயில் விளைவித்தல்’ என்பதும் போதும்.

‘நாட்படு’ அழகான சொல். ஆனால் இன்றைக்கு ‘நாள்பட்ட’ என்பது நோயோடு ஒட்டிக்கொண்டுவிட்டது. அதற்காக அந்த வரியை விட்டுவிட மனமில்லை. ஔவையார் புறநானூற்றில் “தேட்கடுப்பு அன்ன நாட்படு தேறல்” என்கிறார். தேள் கொட்டியது போன்ற கடுப்பு. வலுவான பீரை விழுங்கும்போது நெஞ்சில் ஏறும் சூட்டுக்கு அந்தக் ‘கடுப்பு’ என்ற சொல்லையே எடுத்துக்கொள்ளலாம். 12 விழுக்காட்டில் கடுப்பு தெரியத்தான் செய்யும். நல்ல ஸ்டவுட்டில் அது இனிப்புக்குப் பின்னால் நிற்கும், முன்னால் வந்து குத்தாது.

இன்னொன்றில் தமிழ் நமக்கு நல்ல வசதி தருகிறது. கருக வறுத்த பார்லியும், பீரில் சேர்க்கும் ஹாப்ஸ் என்ற பூவும் தருவது கசப்பு. மரத்தின் டானின் தருவது துவர்ப்பு, பாக்கை மென்றால் நாக்கு இழுக்குமே அது. ஆங்கிலத்தில் குறிப்பெழுதுபவர்களில் பலர் இரண்டையும் ‘பிட்டர்’ என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள். நம் வீட்டுச் சிறுபிள்ளைக்கே இந்த வித்தியாசம் தெரியும். குறிப்பு அட்டையில் இரண்டுக்கும் தனித்தனிக் கட்டம் வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

அட்டையின் மற்ற பகுதிகளில் சிக்கலில்லை. பீர்ப் போட்டி நடுவர்களுக்குச் சான்றளிக்கும் பிஜேசிபி அமைப்பின் நடுவர்கள் பயன்படுத்தும் 50 புள்ளி முறையையே எடுத்துக்கொண்டோம்: மணம் 12, தோற்றம் 3, சுவை 20, வாயுணர்வு 5, மொத்த மதிப்பு 10. விழுங்கிய பிறகு நிற்பதற்குப் ‘பின்சுவை’ என்று போட்டிருக்கிறேன். அதில் எனக்கு முழுத் திருப்தி இல்லை. மேலே சொன்ன கேபிஎஸ்ஸின் காப்பி வாசம் போல, அது சில நேரம் சுவையைவிட மணமாகத்தான் நிற்கிறது.

அட்டை வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. ‘பின்சுவை’யைவிட நல்ல சொல் யாரிடமாவது இருந்தால் வியாழன் இரவுக்குள் எழுதுங்கள்.

அன்புடன்.