இருவர் மட்டும் ஓட்டும் 36 அடிப் படகு: ஸ்லூப்பா, கட்டரா, கெட்ச்சா?

கேள்வி (லங்காவிவாசி):
ஓய்வு பெற்றபின் நானும் என் மனைவியும் லங்காவியிலிருந்து மலாக்கா நீரிணையிலும், பிறகு அந்தமான் வரையிலும் சென்று வர 36 அடிப் பாய்மரப் படகு ஒன்றைத் தேடுகிறோம். ஒரு பாய்மரமும் ஒரு முன்பாயும் கொண்ட ஸ்லூப், ஒற்றைப் பாய்மரத்தில் இரண்டு முன்பாய்கள் கட்டும் கட்டர், பின்புறம் சிறிய இரண்டாம் பாய்மரமும் உள்ள கெட்ச் ஆகிய மூன்றும் விலைக்கு வந்துள்ளன. நெடுநாள் ஓட்டியவர்கள் எதை விரும்புகிறீர்கள்?

பதில் (பின்பாய்):
ஐயா, எனக்குக் கெட்ச்தான். மொத்தப் பாயையும் மூன்றாகப் பிரித்துக் கட்டுவதால், முதன்மை மரத்தில் கட்டும் பெரும்பாய் சிறிதாகி, வயதானவர் கைக்கும் அடங்குகிறது. அந்த நீரிணையில் பெரும்பாலும் விடியலுக்கு முன் வந்து தாக்கும் சுமத்ரா சூறைக்காற்றின்போது, பெரும்பாயை அடியோடு இறக்கிவிட்டு முன்பாயையும் பின்பாயையும் மட்டும் வைத்துக்கொண்டால், படகு அதிகம் சாயாது, சுக்கானும் கனக்காது. நங்கூரமிட்ட பிறகும் பின்பாயை இறுக்கி ஏற்றிவைத்தால் படகின் முகப்பு காற்றை நோக்கியே நிற்கும். ராபின் நாக்ஸ்-ஜான்ஸ்டன் எங்கும் நிற்காமல் 312 நாள்களில் தனியாக உலகைச் சுற்றி 1969-இல் கரை சேர்ந்த சுஹைலி, மும்பையில் தேக்கு மரத்தில் கட்டப்பட்ட 32 அடி கெட்ச்.

பதில் (எதிர்க்காற்று):
சுஹைலியின் பெருமையில் எனக்கு ஐயமில்லை. ஆனால் நீரிணையில் உங்களை அன்றாடம் சோதிக்கப்போவது புயலன்று, காற்றின்மை. மெல்லிய காற்றில் எதிர்த்து ஏறும்போது, பெரும்பாய் கலைத்துவிட்ட காற்றே பின்பாய்க்குக் கிடைப்பதால் அது அநேகமாகச் சும்மாதான் இருக்கும். அதற்கான மரம், கம்பிகள், கயிறுகள் ஆகியவற்றின் பராமரிப்புச் செலவு மட்டும் குறையாது. 36 அடியில் பெரும்பாயே இருவருக்கு அடங்கும் அளவுதான் என்பதால், ஸ்லூப்பை வாங்கி, மீதிப் பணத்தில் நல்ல பாய்களைத் தைத்துக்கொள்ளுங்கள். அபிலாஷ் டோமி 2012–13-இல் நிற்காமல் தனியாக உலகைச் சுற்றிய மாதேயி, 56 அடி நீளமிருந்தும் ஸ்லூப்தான்.

பதில் (உள்கம்பி):
அந்தமானும் திட்டத்தில் இருப்பதால் நான் கட்டரையே சொல்வேன். காற்று வலுத்தால் வெளிமுன்பாயைச் சுருட்டிவிட்டு, மரத்தை ஒட்டியிருக்கும் சிறிய உள்முன்பாயோடும் சுருக்கிய பெரும்பாயோடும் நிதானமாகப் போகலாம். தனியாக, நிற்காமல் உலகைச் சுற்றும் கோல்டன் குளோப் பந்தயம் 2022-இல் புறப்பட்டபோது, அதில் கிர்ஸ்டன் நாய்ஷேபர் வென்றதும் ஒரு 36 அடிக் கட்டரில்தான். ஒரு தொல்லை உண்டு: திசை மாற்றும்போது வெளிமுன்பாய், முன்பாய்களைத் தாங்கும் வெளிக்கம்பி, உள்கம்பி ஆகிய இரண்டுக்கும் இடையிலான குறுகிய சந்தில் சிக்கும், பாதி சுருட்டி, மறுபக்கம் கொண்டுபோய் விரிக்க வேண்டியிருக்கும். ஆகவே, உங்களுக்கு வந்துள்ள கட்டரில் உள்கம்பியைக் கழற்றி மரத்தோடு சேர்த்துக் கட்டிவைக்க வசதி இருக்கிறதா என்று விற்பவரிடம் முதலில் கேளுங்கள். இருந்தால், மெல்லிய காற்று நாள்களில் அதையே ஸ்லூப்பாக ஓட்டலாம்.