எண்பதை எட்டும் அம்மாவுடன் கப்பல் பயணம்: எந்தக் கப்பலைத் தெரிவு செய்வது?

வெள்ளவத்தை மகள் (கேள்வி)

எல்லோருக்கும் வணக்கம். என் அம்மாவுக்கு வருகிற மார்கழியில் எண்பது வயது நிறைகிறது. அதையொட்டி அவரைக் கப்பலில் சில நாட்கள் அழைத்துச் செல்ல வேண்டும் என்று நானும் ரொறன்ரோவில் இருக்கும் என் தம்பியும் விரும்புகிறோம். அம்மா யாழ்ப்பாணத்துக் காரைநகரில் பிறந்தவர். சிறு வயதில் ஊர்காவற்றுறைக்குப் பாதை என்னும் மிதவைப் படகில் ஏறிப் போய்வந்ததையும், திருமணமான புதிதில் தலைமன்னாரிலிருந்து இராமானுஜம் கப்பலில் இராமேஸ்வரம் போனதையும் நேற்று நடந்தவை போலச் சொல்வார். இப்போது எங்கள் தொடர்மாடி வீட்டின் மூன்றாம் மாடியில் ஜன்னலோரம் அமர்ந்து, மரைன் டிரைவுக்கு அப்பால் தெரியும் கடலைப் பார்த்துக்கொண்டிருப்பதே அவருடைய மாலைப் பொழுதாகிவிட்டது.

உடல்நிலையைச் சொல்லிவிடுகிறேன். இடது முழங்காலில் சத்திரசிகிச்சை நடந்து மூன்று ஆண்டுகளாகின்றன. வீட்டுக்குள் வோக்கரைப் பிடித்து நடப்பார். வெளியே போனால் சக்கர நாற்காலி வேண்டும். நீரிழிவுக்கு இரவில் இன்சுலின் போடுகிறோம். சுத்த சைவம், முட்டையும் சேர்ப்பதில்லை. காது சற்று மந்தம். நினைவு எங்களை விடத் தெளிவு.

சிங்கப்பூரிலிருந்து புறப்படும், குவாண்டம் வகை எனப்படும் மிகப் பெரிய கப்பல் ஒன்றில் போகலாம் என்பது தம்பியின் விருப்பம். அங்கிருந்தே ஓடும் ஜென்டிங் ட்ரீம் கப்பலில் இந்தியச் சைவ உணவு தாராளமாகக் கிடைக்கும் என்று ஒரு தோழி சொன்னார். எனக்கோ, 2023 ஆனியில் சென்னையிலிருந்து எம்பிரஸ் என்ற கப்பல் அம்பாந்தோட்டை, திருகோணமலை, காங்கேசன்துறை என்று வந்துபோனது நினைவில் நிற்கிறது. அப்படியொரு பயணம் மறுபடி வாய்த்தால், அம்மா தன் ஊர்க் கரையைக் கடலிலிருந்து பார்ப்பாரே என்ற ஆசை. பயண முகவரிடம் போனால் அவர் கட்டணத்தையும் நீச்சல் தடாகத்தையும் பற்றியே பேசுகிறார். வயதான தாய் தந்தையருடன் உண்மையில் போய்வந்தவர்கள், எதை முதலில் பார்க்க வேண்டும் என்று சொல்வீர்களா?

கொட்டாஞ்சேனை வாசகர்

சகோதரிக்கு வணக்கம். கப்பலின் பெயரை இப்போதைக்கு ஒரு பக்கம் வைத்துவிட்டு, குளியலறைக் கதவிலிருந்து தொடங்குங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் என் அப்பாவை எண்பத்திரண்டாவது வயதில் அழைத்துச் சென்றபோது செய்த பிழை இது. முன்பதிவு செய்த நிறுவனத்தின் பெயர் இங்கே தேவையில்லை. சக்கர நாற்காலி கொண்டுவருகிறோம் என்று நான் சொன்னதை அவர்கள் குறித்துக்கொண்டார்கள். ஆனால் கொடுத்தது சாதாரண அறை. சக்கர நாற்காலிக்கென்று தனி அறைகள் உண்டா என்று நான் கேட்கவில்லை.

சாதாரண அறைகளின் கதவு பல கப்பல்களில் அறுபது சென்ரிமீற்றருக்கும் குறைவான அகலமே கொண்டது. மடக்கும் சக்கர நாற்காலி விரித்த நிலையில் அறுபதுக்கு மேல் வரும். ஆகவே நாற்காலியை வெளியே நடையில் வைத்து மடித்து, அப்பாவைக் கைத்தாங்கலாக உள்ளே கொண்டுபோனோம். அதற்குப் பிறகுதான் குளியலறை. தண்ணீர் வெளியே வராமல் இருக்க வாசலில் ஓர் உயரமான தடுப்பு இருந்தது; அதைத் தாண்டக் காலைத் தூக்க வேண்டும், தூக்கியவுடன் பிடித்துக்கொள்ள எதுவும் இல்லை. முதல் இரவு அப்பா பிடித்தது குளிக்கும் இடத்துத் திரைச்சீலையைத்தான். அது வளையங்களோடு கழன்று வந்தது. நல்ல வேளையாக நான் பின்னால் நின்றேன். அன்றிலிருந்து நான்கு இரவுகளும், அவர் எழும்பும் சத்தத்துக்காக நான் அரைத் தூக்கத்தில் கிடந்தேன். எனக்குத் தொல்லை தரக்கூடாதென்று அவர் தண்ணீர் குடிப்பதைக் குறைத்தார். இன்றும் என் மனதைச் சுடுவது அதுதான்.

நடமாடச் சிரமப்படுவோருக்கென்றே கட்டப்பட்ட அறைகள் ஒவ்வொரு புதிய கப்பலிலும் உண்டு. அங்கே வாசல் எண்பது சென்ரிமீற்றர் அளவுக்கு அகலமாக இருக்கும். குளியலறைத் தரை தடுப்பில்லாமல் சமமாக இருக்கும். சுவரில் கைப்பிடிகளும் குளிப்பதற்கு மடிப்பு இருக்கையும் இருக்கும். ஆனால் ஆயிரக்கணக்கானோர் போகும் கப்பலிலும் இவை சில பத்து அறைகள்தான். அவை முதலில் தீர்ந்துபோகும். எந்தத் திகதியில் அப்படியோர் அறை கிடைக்கிறதோ, அந்தத் திகதியையும் அந்தக் கப்பலையும் தெரிவு செய்யுங்கள். அறை உறுதியான பின் கப்பல் நிறுவனத்தின் சிறப்புத் தேவைப் படிவத்தை நீங்களே நிரப்பி அனுப்பி, எழுத்தில் பதில் வாங்குங்கள். முகவர் சொல்லும் வாய்வார்த்தை போதாது. கப்பலில் இருக்கும் நாற்காலிகள் பெரும்பாலும் ஏறும்போதும் இறங்கும்போதும் மட்டுமே தரப்படும் என்பதால் உங்களுடையதைக் கொண்டுபோக வேண்டும்.

அடுத்தது துறைமுகம். கப்பல் கரையில் கட்டப்படுமா, நங்கூரமிட்டு நின்று சிறு படகில் ஆட்களை இறக்குமா என்று ஒவ்வோர் இடத்துக்கும் கேளுங்கள். பினாங்கில் சுவெட்டன்ஹாம் துறையில் கட்டினால், இறங்கியதும் ஜோர்ஜ் டவுன் நகரம். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பற்றோங் கடற்கரைக்கு அப்பால் நங்கூரமிட்டு நிற்பதே வழக்கம். அலையில் ஏறி இறங்கும் படகுக்குச் சக்கர நாற்காலியில் இருப்பவரை மாற்ற மறுப்பதற்குக் கப்பலாருக்கு உரிமை உண்டு, அது நியாயமும்கூட. என் அப்பா அன்று மேல் தளத்திலிருந்து கரையைப் பார்த்தார்.

பம்பலப்பிட்டிப் பயணி

ஒரு விடயத்தை மட்டும் சேர்க்கிறேன். இலங்கைக் கடவுச்சீட்டுக்குச் சிங்கப்பூரில் குறுகிய காலம் தங்க விசா தேவையில்லை. மலேசியாவுக்கு முன்கூட்டியே எடுக்க வேண்டும். கரையில் இறங்க மாட்டோம் என்று சொன்னாலும், வழியிலுள்ள நாட்டின் விசா இல்லாவிட்டால் ஏறும் இடத்திலேயே திருப்பி அனுப்பக்கூடும். சிங்கப்பூருக்கான மின் வருகை அட்டையை விமானத்தில் போகும்போது ஒரு முறையும், கப்பல் திரும்பி வரும்போது மறுமுறையும் நிரப்ப வேண்டும் என்பதையும் பலர் மறந்துவிடுகிறார்கள்.

தெஹிவளை, இளைப்பாறிய தாதி

தங்கச்சி, உங்கள் அம்மாவின் நிலையை வாசித்ததும் மருந்துப் பையைப் பற்றித்தான் முதலில் நினைத்தேன். துறைமுகத்தில் பெரிய பெட்டிகளை வாங்கிக்கொள்வார்கள். அவை அறை வாசலுக்கு வந்துசேரச் சில மணி நேரமாகும், சில வேளைகளில் இரவாகிவிடும். இன்சுலின், ஊசிகள், இரத்தச் சீனி பார்க்கும் கருவி, இரண்டு நாள் மாற்று உடை ஆகியவை உங்கள் கைப்பையில் இருக்க வேண்டும். அறையில் இருக்கும் சிறு குளிர்ப்பெட்டி பானங்களுக்கானது, அதன் குளிர் ஒரே சீராக இருப்பதில்லை. மருந்துக்கான குளிர்ப்பெட்டியும், பாவித்த ஊசி போடும் பெட்டியும் வேண்டும் என்று முன்பே கேட்டால் வைப்பார்கள். நித்திரைக் குளிசையோ, கோடீன் கலந்த வலி மாத்திரையோ பாவிக்கிறவராக இருந்தால், அவற்றைச் சிங்கப்பூருக்குள் கொண்டுபோக அங்குள்ள சுகாதார அறிவியல் அதிகாரசபையின் முன் அனுமதி தேவைப்படலாம். வைத்தியரின் கடிதத்தில் மருந்துகளின் வேதிப் பெயரும் அளவும் இருக்கட்டும்.

கப்பலில் வைத்தியரும் தாதிமாரும் இருப்பார்கள். ஆனால் அது ஒரு சிறு சிகிச்சை நிலையம், வைத்தியசாலை அல்ல. பார்க்கும் ஒவ்வொரு முறைக்கும் டொலரில் கட்டணம் சேரும். நிலைமை கடுமையானால் அடுத்த துறைமுகத்தில் இறக்குவார்கள். இங்கே விற்கப்படும் பயணக் காப்புறுதிகளில் வயது எல்லையையும், ஏற்கெனவே உள்ள நோய்களுக்கான விலக்கையும், கடலிலிருந்து நோயாளியைக் கொண்டுவரும் செலவு அடங்குமா என்பதையும் ஒவ்வொரு வரியாக வாசித்த பிறகே பணம் கட்டுங்கள்.

புறப்படுமுன் எல்லோரும் பாதுகாப்புப் பயிற்சியில் பங்குபற்ற வேண்டும். அவசர நேரத்தில் மின்தூக்கிகளை நம்ப முடியாது. ஆகவே ஒன்றுகூடும் இடம் எந்தத் தளம், அறை எந்தத் தளம், படியில் அம்மாவை இறக்க யார் உதவுவார்கள் என்று அன்றைக்கே பொறுப்பாளரிடம் பெயர் கொடுத்துவையுங்கள். காது மந்தம் என்கிறீர்கள். அறைக்குள் ஒளியோடு சேர்ந்த எச்சரிக்கைக் கருவி கேட்டால் கிடைக்கும். இதை யாரும் தாமாகச் சொல்வதில்லை.

இன்னொன்று. சாப்பாட்டு மண்டப வாசலில் வைத்திருக்கும் கைத்தெளிப்பானை நம்பியிருக்க வேண்டாம். கப்பலில் பரவும், வாந்திபேதி தரும் நோரோ வைரசுக்கு அது அவ்வளவாகப் பயனில்லை. சவர்க்காரம் போட்டுக் கழுவிய கையோடு சாப்பிட வையுங்கள். தட்டை நீங்கள் எடுத்துவந்து கொடுங்கள்.

கல்கிசை வாசகி

எல்லோரும் புதிய பெரிய கப்பலையே சொல்லப்போகிறார்கள் என்பதால் மறுபக்கத்தையும் சொல்கிறேன். குவாண்டம் வகைக் கப்பல் ஏறத்தாழ 347 மீற்றர் நீளம். அறை முன்னால், உணவு மண்டபம் பின்னால் என்று அமைந்தால், வோக்கர் பிடித்து நடக்கும் ஒருவருக்கு அது காலைச் சாப்பாட்டுக்கே ஒரு யாத்திரை. எம்பிரஸ் ஏறத்தாழ 210 மீற்றர்தான்; எங்கும் விரைவாகப் போய்விடலாம். ஆனால் அது 1990இல் கடலுக்கு வந்த கப்பல். அந்தக் காலத்துக் கப்பல்களில் அறைகளும் நடைகளும் நெருக்கமானவை. கொட்டாஞ்சேனை ஐயா சொன்ன அகலமான அறைகளும் மிகக் குறைவு. ஊர்க் கரையைக் காணும் ஆசை எனக்கு நன்றாகப் புரிகிறது, என் தாய்வழியும் தீவகம்தான். ஆனாலும் இன்றைய நிலையில் உங்கள் அம்மாவுக்கு நான் பெரிய கப்பலையே தெரிவு செய்வேன்: நடுப்பகுதியில், மின்தூக்கிக்குக் கிட்டிய, அதிக உயரமில்லாத தளத்தில் ஓர் அறை. கப்பல் ஆடும்போது மிகக் குறைவாக அசைவது அந்த நடுப்பகுதிதான்.

காலத்தையும் யோசியுங்கள். மலாக்கா நீரிணை இரு பக்கமும் நிலம் சூழ்ந்தது, பெரும்பாலும் அமைதியானது. கார்த்திகை நடுப்பகுதி தொடங்கி மார்கழி முழுவதும் சிங்கப்பூரில் பாடசாலை விடுமுறை. கப்பலில் பிள்ளைகளின் ஆரவாரம் நிறைந்திருக்கும், மின்தூக்கிக்காகக் காத்திருக்கவே நேரம் போய்விடும். பிறந்தநாளன்று வீட்டில் பொங்கிப் படைத்துவிட்டு, சீனப் புத்தாண்டு கழிந்த பின் வாரநாட்களில் தொடங்கும் பயணத்தை எடுத்தால் மிகவும் நல்லது.

சாப்பாடு பற்றி: சோறு, பருப்பு, மரக்கறி, சப்பாத்தி கிடைக்கும், முட்டையும் இல்லாத சைவம் என்பதை முன்பதிவிலும், முதல் நாள் மண்டப மேற்பார்வையாளரிடம் நேரிலும் சொல்லுங்கள். வீட்டில் சமைத்ததைக் கொண்டு ஏற விடமாட்டார்கள். கடையில் வாங்கிய, பிரிக்காத பொதிகள் மட்டும் கொண்டுபோகலாம். தண்ணீர் கொதிக்கவைக்கும் கேத்தலும் தடைதான்.

என் அம்மாவுக்கு மிகவும் பிடித்த நாள் எது தெரியுமா? போர்ட் கிளாங்கில் எல்லோரும் கோலாலம்பூருக்குப் பேருந்தில் ஏறிப் போன நாள். போக ஒரு மணி நேரத்துக்கு மேல், வரவும் அப்படியே; நாங்கள் போகவில்லை. அன்று தளம் முழுவதும் வெறுமை. ஒரு பணியாளர் அம்மாவின் முழங்காலுக்கு மேல் கம்பளியை விரித்துவிட்டு, இஞ்சித் தேநீர் கொண்டுவந்து கொடுத்தார். மூன்று மணி நேரம் அம்மா தன் சிறுவயதுக் கதைகளைச் சொன்னார். நான் முன்பு கேட்டிராத ஒருவருடைய பெயர்கூட அதில் வந்தது.

வெள்ளவத்தை மகள்

எல்லோருக்கும் என் மனமார்ந்த நன்றி. முக்கியமாகக் கொட்டாஞ்சேனை ஐயாவுக்கு. தண்ணீரைக் குறைத்துக் குடித்தார் என்று நீங்கள் எழுதியதை வாசித்தபோது, என் அம்மாவும் அப்படியே செய்வார் என்பது எனக்கு நிச்சயமாகத் தெரிந்தது.

நேற்றிரவு தம்பியுடன் பேசினேன். சீனப் புத்தாண்டுக்குப் பிறகு, சிங்கப்பூரிலிருந்து பினாங்கு போய்த் திரும்பும் பயணமாகப் பார்க்கிறோம். இரு கப்பல்களில் எதில் சமதரைக் குளியலறை கொண்ட அறை நடுப்பகுதியில் கிடைக்கிறதோ அதை எடுப்பது என்று முடிவு. இங்கிருந்து சிங்கப்பூருக்கு ஏறத்தாழ நான்கு மணி நேரப் பறப்புதான் என்றாலும், இரண்டு நாள் முன்பே போய்த் தங்கி ஆறுதலாகக் கப்பலேறுவோம். காங்கேசன்துறையை இந்த முறை விட்டுவிடுகிறேன்; ஊருக்கு அம்மாவை இரயிலில் கூட்டிப்போகலாம்.

இவ்வளவையும் அம்மாவிடம் சொன்னபோது, அவர் கேட்டது ஒன்றுதான்: அறைக்குள் கடற்காற்று வருமா? கண்ணாடி ஜன்னல் மட்டும் உள்ள அறைகளில் அதைத் திறக்க முடியாது என்று இன்று காலை விசாரித்து அறிந்தேன். ஆகவே பல்கனி வேண்டும். பல்கனி வாசலிலும் ஒரு தடுப்பு இருக்குமாம். அதற்குச் சாய்தளம் போட்ட அறைதானா என்று நிறுவனத்துக்கு மின்னஞ்சல் அனுப்பியிருக்கிறேன். அம்மாவின் வோக்கரை அளந்து, ஐம்பத்தெட்டு சென்ரிமீற்றர் என்று அதிலேயே குறிப்பிட்டிருக்கிறேன். பதில் வந்ததும் இங்கே எழுதுகிறேன்.