நாப்பதுக்கு ஒஸ்தா மாமி வாராங்களாம், வேணாம்னு எப்பிடி சொல்ற?

புதுஉம்மா:
அஸ்ஸலாமு அலைக்கும் ராத்தாமார். எனக்கு பொம்புளப் புள்ள கெடச்சி ஒரு மாசம் தாண்டிட்டு, அல்ஹம்துலில்லாஹ். நான் இப்ப உம்மா வீட்டுலதான் ஈக்கிறன். புள்ள கெடச்ச நாப்பதாம் நாள் குளிப்புக்கு சாப்பாடு, சொந்தக்காரங்களுக்கு சொல்றது எல்லாம் உம்மாவும் மாமியும் சேந்து ப்ளேன் பண்ணிட்டாங்க, அதோட வீடு வீடா போயி பொம்புளப் புள்ளையளுக்கு சுன்னத் செய்ற ஒஸ்தா மாமிக்கும் சொல்லியாச்சாம், என்ட புள்ளக்கி செய்ய. என்ன செய்வாங்க, எங்க வெட்டுவாங்கன்னு கேட்டா ஒருத்தரும் வாய தொறக்கிறாங்க இல்ல. உம்மா "உனக்கும் செஞ்சதுதான், உனக்கு என்ன ஆச்சி"ங்கிறாங்க. ஹஸ்பண்ட்ட கேட்டா "அது பொம்புளையள்ட விஷயம், உம்மாட்டயே கதை"ன்னுட்டு போனை பாக்குறாரு. எனக்கு துளிகூட விருப்பமில்ல, ஆனா சண்டை போடவும் ஏலா, சிசேரியன் காயமே இன்னும் சரியா ஆறல்ல. இது மார்க்கத்துல கட்டாயமா? ஹாஸ்பிட்டல்ல டொக்டர வெச்சி செஞ்சா பரவாயில்லயா? யாராச்சும் வேணாம்னு நிப்பாட்டி ஈக்கீங்களா?

கிழக்குக்காத்து:
வஅலைக்கும் ஸலாம் தங்கச்சி. சும்மா பயப்படாதீங்க. எங்கட ஊர்ல எல்லா வீட்டுலயும் செய்றதுதான். ஆம்புளையள வெளிய அனுப்பிட்டு புள்ளய மடியில வெச்சி சவர ப்ளேட் நுனியால லேசா ஒரு தொடு, பஞ்சுல ஒரு சொட்டு ரத்தம் பட்டா போதும், அத உம்மாக்கு காட்டுவாங்க, அவ்வளவுதான். புள்ள கொஞ்சம் அழுது பால் குடிச்சிட்டு தூங்கிரும், தடுப்பூசிக்கி இதவிட கூட அழும். டிவில காட்டுற ஆப்பிரிக்கா கதையெல்லாம் வேற, அங்க அறுத்து தைக்கிறாங்க, நம்மட அப்பிடியில்ல. ரெண்டையும் ஒண்டா போட்டு கதைக்கிறது என்ஜிஓக்காரங்கட வேலை. 2019 ஏப்ரல் ஈஸ்டர் குண்டுவெடிப்புக்கு பொறகு நம்ம பர்தாவ, சாப்பாட்ட, கல்யாண சட்டத்த எல்லாம் எவனெவனோ கதைச்சான், இப்ப இதயும் நாமளே தூக்கி குடுக்கணுமா?

க்ளினிக்மிஸி:
நான் பொது சுகாதார மாது, மிஸின்னு கூப்பிடுவாங்க, வேலை எம்.ஓ.எச் (சுகாதார வைத்திய அதிகாரி) ஆபீஸ்ல. கிழக்குக்காத்து ராத்தா சொல்றதுல ஒண்டு சரி, சோமாலியாலயும் சூடான்லயும் செய்ற மாதிரி வெட்டி தைக்கிறது இங்க இல்ல. ஆனா டபிள்யூ.எச்.ஓ (உலக சுகாதார நிறுவனம்) பெண் உறுப்பு சிதைப்புன்னு இத நாலு வகையா பிரிச்சதுல நாலாவது வகையே குத்துறது, கீறுறது, சுரண்டுறதுதான், அதனால "நம்மட வேற"ன்னு வெளிய நிக்க ஏலா. "லேசா ஒரு தொடு"ங்கிறத யாரு அளந்து பாத்த? நாப்பது நாள் புள்ளட அந்த எடம் எவ்வளவு சின்னன்னு நாப்பி மாத்துற உங்களுக்கே தெரியும். கண்ணு மங்கின வயசான ஒராள் குத்துவெளக்கு வெளிச்சத்துலயோ லைட்டு வெளிச்சத்துலயோ ப்ளேட் புடிக்கிறா, புள்ள கால உதைக்கிது, மேல் தோலுல மட்டும் நிக்கிமா உள்ளுக்கு போகுமான்னு அவக்கே தெரியா. ரத்தம் வந்தாதான் செஞ்சதுன்னு கணக்குன்னா ரத்தம் வாற வரைக்கும் கீறத்தான் செய்வாங்க.

தடுப்பூசிய இதோட சேக்காதீங்க ராத்தா. ரெண்டு மாசத்துல போடுற ஊசிக்கு திகதி, பேட்ச் நம்பர் எல்லாம் புள்ளட கார்டுல எழுதுறம், காய்ச்சல் வந்தா எங்கள புடிச்சி கேக்க ஏலும். இது எந்த கார்டுலயும் இல்ல. புள்ளக்கி அங்க புண்ணு, சீழ்னு வந்தா வெக்கத்துல க்ளினிக்குக்கே கொண்டுவர மாட்டாங்க, வந்தாலும் "நாப்பி ரேஷ் மிஸி"ம்பாங்க.

தங்கச்சி, டொக்டர்ட செஞ்சா பரவாயில்லயான்னு கேட்டீங்க. 2018ல இலங்கை சுகாதார அமைச்சு சுற்றறிக்கை போட்டு டொக்டர்மார், நாங்க, யாரும் இத செய்யக் கூடாதுன்னு தடுத்திரிக்கி. செஞ்சி தாறன்னு யாராச்சும் சொன்னா அவரு அதயும் மீறித்தான் செய்றாரு. தனிச் சட்டம்னு வரல்ல, ஆனா தண்டனைச் சட்டத்துல காயப்படுத்துறதுக்கும் புள்ளைய கொடுமப்படுத்துறதுக்கும் பிரிவு இரிக்கி. எனக்கு கவலை என்னண்டா டொக்டர்மார நிப்பாட்டினது நல்லம், வீட்டுல நடக்கிறது அப்பிடியே இரிக்கி.

கிதாபுவாசகன்:
மார்க்கம் பத்தி கேட்டதால சொல்றன், நான் ஆலிம் இல்ல, மதரஸால கொஞ்சம் ஓதினவன். குர்ஆன்ல இது இல்ல. மார்க்கச் சட்டத்துல நாலு மத்ஹப் (வழி) ஈக்கி, நாம ஷாபிஈ மத்ஹப், இமாம் நவவி போல ஷாபிஈ அறிஞர்மார் ஆணுக்கும் பெண்ணுக்கும் வாஜிப் (கட்டாயம்)னு எழுதி ஈக்காங்க, நம்ம நாட்டு உலமா சபை ஜம்இய்யத்துல் உலமாவும் அந்த வழியில பத்வா குடுத்து ஈக்கி, இத மறைக்க தேவையில்ல. ஆனா ஹனபி மத்ஹப்ல அப்பிடி வாஜிப் இல்ல, மாலிகிலயும் இல்ல. ஆதாரமா காட்டுற உம்மு அதிய்யா ஹதீஸ் இமாம் அபூதாவூத் தொகுத்த ஹதீஸ் கிதாபுல ஈக்கி, அபூதாவூதே அது பலவீனம்னு அங்கயே எழுதி வெச்சிட்டாரு! அத சொல்லாமத்தான் பயான்ல ஓதுறாங்க. எகிப்து முப்தியா ஈந்த அலி ஜும்ஆ 2007ல இது ஹராம்னே சொன்னாரு. அந்த எகிப்துல காப்டிக் கிறிஸ்தவங்களும் தலமுற தலமுறயா செஞ்சிட்டு வந்தவங்க, அப்ப இது எங்கேந்து வந்த வழக்கம்னு நீங்களே யோசிங்க. ஒரு விஷயத்துல இமாம்மாருக்கே கருத்து வேறுபாடு ஈக்கிது, அதுல புள்ளக்கி நோவு இல்லாத பக்கத்த எடுத்தா பாவமில்ல.

கடலோரத்தான்:
நான் தமிழ்நாடு, எங்க பக்கம் பொண்ணுக்கு இப்படி ஒன்னு இருக்குன்னே ரொம்ப பேருக்கு தெரியாது. இந்தியாவுல இத வெளிய கொண்டுவந்தது தாவூதி போஹ்ரா பெண்கள்தான். அவங்கள்ல கத்னான்னு சொல்லி ஏழு வயசு வாக்குல செய்றாங்க, சாக்லேட் வாங்கித் தரேன் வான்னு கூட்டிட்டுப் போயி செஞ்சது முப்பது வருஷம் கழிச்சும் ஞாபகம் இருக்குன்னு பலபேரு பேர் போட்டே சொன்னாங்க. சுப்ரீம் கோர்ட்ல 2017ல கேஸ் வந்துச்சு, அடுத்த வருஷமே அரசியல் சாசன பெஞ்சுக்கு அனுப்பிட்டாங்க, 2019ல சபரிமலை சீராய்வோட சேத்து இன்னும் பெரிய பெஞ்சுக்குப் போச்சு. கோர்ட்ட நம்பி நாப்பதாம் நாள ஒத்திப்போட முடியாதுங்க அக்கா.

ரெண்டுபுள்ளவாப்பா:
தங்கச்சி, இதுல முக்கியமான ஆள் உங்கட மாமி இல்ல, உங்கட ஹஸ்பண்ட். "பொம்புளையள்ட விஷயம்"னு ஒதுங்குறது ஆம்புளையளுக்கு நல்ல வசதி. எங்கட வீட்டுலயும் உம்மா ஆள் கூப்பிட்டு வெச்சிருந்தாங்க, நான் போயி "உம்மா, என்ட புள்ளக்கி வேணாம், அல்லாஹ்ட்ட நான் பதில் சொல்லிக்கிறன்"னு மட்டும் சொன்னன். ரெண்டு நாள் மொகத்த தூக்கி வெச்சிருந்தாங்க, பொறகு ஒண்டும் இல்ல. மருமகள் சொன்னா திமிருன்னு எடுப்பாங்க, மகன் சொன்னா முணுமுணுத்துட்டு விட்டுருவாங்க.

இன்னொண்டு. செனகல்ல 1997ல மலிகுண்டா பம்பாரான்னு ஒரு ஊரு பொம்புளையள் எல்லாருமா சேந்து பொதுவுல நின்னு இந்த வழக்கத்த விட்டோம்னு அறிவிச்சாங்க. ஏன் சேந்து? அங்க செய்யாத பொண்ண கட்டிக்க ஆள் வராது, தனி வீடா நிப்பாட்டினா அந்த புள்ளட வாழ்க்கதான் போகும். நமக்கு அந்த சிக்கல் இல்லயே. இங்க சம்பந்தம் பேச வாற யாரு இத கேக்குறாங்க? ஒரு வீடு நிப்பாட்டினா பக்கத்து வீட்டுக்கே தெரிய வராது. அதனாலதான் இங்க நிப்பாட்டுறது லேசு. எவனாச்சும் பேசுவான்னு பயந்து மூடி வெச்சா நோவு நம்ம புள்ளக்கித்தானே, அவனுக்கா?

கிழக்குக்காத்து:
சரி, ஹதீஸ் பலவீனம்னு சொன்னத எங்கட மௌலவிட்டயும் கேட்டு பாக்குறன். ஆனா எங்கட ஒஸ்தா மாமி கைம்பெண், இந்த நாப்பதுக்கு வாற காசும் சாரியும்தான் அவட பொழப்பு. எல்லாரும் வேணாம்னா அவ என்ன செய்வா?

க்ளினிக்மிஸி:
காச குடுங்க ராத்தா, சாரியையும் குடுங்க, யாரு வேணாம்னா! தாய்க்கு மருந்து தண்ணி காய்ச்ச, எண்ணெ தேச்சி குளிப்பாட்ட, புள்ளய குளிப்பாட்ட அவவ கூப்பிடுங்க, அதுல கைராசி உள்ளவங்க அவங்க. ப்ளேட் மட்டும் வீட்டுலயே வெச்சிட்டு வரச் சொல்லுங்க. தங்கச்சி, உங்கட ஏரியா மிஸிக்கு இப்பவே போன் எடுத்து நாப்பதுக்கு முந்தின நாள் வீட்டுக்கு வரச் சொல்லுங்க, புள்ள நிறை பாக்க வாற மாதிரி வரட்டும். உம்மாவும் மாமியும் ரெண்டு பேரும் வீட்டுல ஈக்கிற நேரமா பாத்து சொல்லுங்க, ஹஸ்பண்டையும் அண்டைக்கி வெளிய போக விடாதீங்க.