மறு: கூட்டாகச் சிறுவிமானத்தில் நாடு சுற்றுவதற்கு ஒரு சொல்

பொள்ளாச்சி நண்பர் கேட்டது:

> தனியார் விமானிகள் சிலர் சேர்ந்து, ஆளுக்கொரு சிறுவிமானத்தை ஓட்டிக்கொண்டு வெளிநாடு சுற்றுகிறார்கள். 'வான்சுற்றுலா' என்றால் போதுமா?

போதாது. ஹெலிகாப்டரில் ஏற்றிப் பத்து நிமிடத்தில் இறக்கிவிடுகிறவர்கள் அந்தச் சொல்லை எப்போதோ எடுத்துக்கொண்டார்கள். அங்கே சுற்றுகிறவர் டிக்கெட் வாங்கிய பயணி. இங்கே சுற்றுகிறவர்தான் ஓட்டுகிறார். தனியார் விமானி உரிமத்தை வைத்துக் கூலிக்கு ஆள் ஏற்றவும் கூடாது. ('தனியார் விமானி' என்பதே ஏதோ கம்பெனி விமானி போலத் தொனிக்கிறது. அதை இன்னொரு நாள் பார்ப்போம்.)

'அணிப்பறப்பு' வேண்டாம். விமானப்படைக்காரர்கள் இறக்கையோடு இறக்கை ஒட்டிப் பறப்பது அது. இவர்கள் அப்படிப் போவதில்லை. செஸ்னா 172 என்ற சிறுவிமானம் மணிக்குச் சுமார் 220 கிலோமீட்டர் போகும், கூட வரும் விமானம் அதைவிட வேகமாக இருக்கலாம். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பறப்புத் திட்டம் கொடுத்து, வரிசையாகக் கிளம்பி, சாயங்காலம் தரையில் சந்திக்கிறார்கள். வானத்தில் சேர்ந்திருப்பது ரேடியோவில்தான்: முன்னால் போனவர் மேகம் எப்படி என்று பின்னால் வருபவருக்குச் சொல்வார்.

சொல் தேடும்முன் காரியத்தைப் பார்க்க வேண்டும். தென்னாப்பிரிக்காவில் விமானம் வாடகைக்கு எடுத்து போட்ஸ்வானா, நமீபியா போகிறவர்களை எடுத்துக்கொள்வோம். விமானம் தென்னாப்பிரிக்கப் பதிவு என்பதால் சொந்த நாட்டு உரிமம் மட்டும் செல்லாது, அந்த நாடு அதை ஏற்று அங்கீகரிக்க வேண்டும். கூடப் பறந்து சோதித்தும் பார்ப்பார்கள். ஜோகன்னஸ்பர்க் பக்கத்து ஓடுதளங்கள் கடல்மட்டத்திலிருந்து 4,500 அடிக்கு மேல். வெயில் ஏறினால் காற்று இலேசாகிவிடும், எஞ்சின் இழுவை குறையும், எழும்ப நீளமான ஓட்டம் வேண்டும். அதனால் முடிந்தவரை விடியலிலேயே கிளம்பப் பார்ப்பார்கள். காட்டு விடுதிகளின் மண் ஓடுதளத்தில் விலங்கு ஏதும் நிற்கிறதா என்று ஒருமுறை தாழப் பறந்து பார்த்துவிட்டு இறங்குவார்கள்.

எல்லையும் நம் வாளையாறு மாதிரி கோட்டோரம் சாவடி வைத்துக் காத்திருப்பதில்லை. சுங்கமும் குடிவரவும் உள்ள விமான நிலையத்தில் இறங்கி முத்திரை வாங்கிக்கொண்டுதான் ஒரு நாட்டை விட்டுப் போக வேண்டும். அடுத்த நாட்டிலும் முதல் இறக்கம் அப்படிப்பட்ட இடத்தில்தான். 1944 சிகாகோ உடன்படிக்கையின் 29-ஆம் பிரிவுப்படி பதிவுச் சான்று, பறக்கத் தகுதிச் சான்று, விமானி உரிமம், பயணக் குறிப்பேடு, ரேடியோ உரிமம் எல்லாம் வண்டியிலேயே இருக்க வேண்டும். இத்தனை பொறுப்பும் விமானி தலையில். 'சுற்றுலா'வில் இதெல்லாம் எங்கே வருகிறது?

உடுமலை அம்மா சொன்ன 'வலசைப்பறப்பு' அழகான சொல். ஈரோட்டுப் பெரியவலசு போல வலசு என்று முடியும் ஊர்ப்பெயர்களைக் கேட்டு வளர்ந்த காதுக்கு உடனே பிடிக்கும். ஆனால் வலசை என்றால் பறவைகள் பருவம்தோறும் இடம்பெயர்வது. பறவைக்காரர்கள் விட்டுக்கொடுப்பார்களா என்பதுதான் சந்தேகம்.

இன்னொருவர் வழக்கம்போல் புறநானூற்று 'வலவன் ஏவா வான ஊர்தி'யைக் கொண்டுவந்தார். ஓட்டுநர் இல்லாத அதை ட்ரோன்காரர்களுக்குக் கொடுத்துவிடலாம். நமக்கு வலவன் ஏவுவதுதான் முக்கியம்.

என் முன்மொழிவு: வான்வலம். சேர்ந்து போனால் கூட்டு வான்வலம். நகர்வலத்தில் போகிறவர் தாமே போய்ப் பார்த்துவிட்டுத் திரும்புகிறார் அல்லவா, அந்தப் பொருள் இதிலும் ஒட்டும்.

– சித்தூரிலிருந்து (பாலக்காட்டுச் சித்தூர். ஆந்திரச் சித்தூர்க்காரர்கள் மன்னிக்க.)

---

ஐயா, வணக்கம். ஆந்திரத்துக் குப்பம் ஊரிலிருந்து எழுதுகிறேன். வலசையை விட்டது நல்லது. எங்கள் பக்கம் தெலுங்கில் 'வலச' என்றால் மழை பொய்த்துப் பெங்களூருக்குக் கூலிக்குப் போவது. சொந்த விமானத்தில் போகிறவர்களுக்கு அது பொருந்தாது. ஒரு கேள்வி: வலம் என்றால் கிளம்பிய இடத்துக்கே திரும்ப வேண்டுமே. விமானத்தை வேறு நாட்டில் விட்டுவிட்டு வந்தால்?

---

தம்பி, வாடகை வண்டியை எடுத்த இடத்தில்தானே வழக்கமாகத் திருப்பிக் கொடுப்பார்கள்? சொந்தக்காரரும் வீட்டுக்குத்தான் ஓட்டி வருவார். வாங்கிய விமானத்தை ஒருவழியாக ஓட்டிக்கொண்டுபோய் ஒப்படைப்பது தனித் தொழில், அதற்குத் தனிச்சொல் வேண்டும். புது இழை தொடங்குங்கள். 'கடத்துதல்' என்று மட்டும் யாரும் எழுதிவிடாதீர்கள், போலீஸ் வரும்.