மின்விசிறி ஓடாத வகுப்பறை

பள்ளிக்கூடத் தொடர்களைப் பார்த்துவிட்டு "பிள்ளைகளுக்கு நடிக்கவே வரவில்லை" என்று சொல்கிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். நான் மும்பையில் சவுண்ட் டிபார்ட்மென்டில் இருக்கிறேன், பூம் பிடிப்பது, அதாவது நீளக் கம்பின் நுனியில் மைக்கை நடிகர்கள் பக்கம் நீட்டிப் பிடிப்பது என் வேலை. ஹைஸ்கூல் பிள்ளைகளைப் பற்றிய ஒரு இந்தித் தொடரில் முழு ஷெட்யூலும் இருந்தேன், பெயர் வேண்டாம். கதை நல்ல கதை. பிள்ளைகளும் நன்றாகவே நடித்தார்கள். எடுத்த விதத்தில்தான் எல்லாம் கெட்டது.

அந்தேரி கிழக்கில் ஒரு பள்ளிக் கட்டடம். லீவில்தான் வாடகைக்குக் கிடைக்கும் என்பதால் மே மாத வெயிலில் ஷூட்டிங். லைவ் சவுண்ட், அதாவது நடிக்கும்போதே குரலைப் பதிவு செய்வது, அதனால் ஃபேன் போடக் கூடாது. வகுப்பு நிறைய ஆட்கள், தலைக்கு மேல் ஃபேன்கள் அசையாமல் தொங்கும், கட் சொன்னதும் மேக்கப்காரர்கள் ஓடிவந்து எல்லார் முகத்திலும் வியர்வையை ஒற்றியெடுப்பார்கள். ஏர்போர்ட் பக்கம் வேறு, விமானச் சத்தம் வந்தால் மொத்த யூனிட்டும் அது போகும்வரை நிற்கும். இதெல்லாம் தவிர்க்க முடியாதவை, சரி.

என்னால் ஏற்க முடியாதது கூட்டத்தைக் கையாண்ட விதம். பின் பெஞ்சுகளில் இருந்தவர்கள் ஜூனியர் ஆர்ட்டிஸ்டுகள், கூட்டத்தில் நடிக்க வருகிறவர்கள். அவர்களை ஏற்பாடு செய்கிற கோ-ஆர்டினேட்டர் யாரை அனுப்புகிறாரோ அவர்தான் ஒன்பதாம் வகுப்பு மாணவர், பலருக்கு இருபது வயது தாண்டியிருக்கும். ஏடி (அசிஸ்டன்ட் டைரக்டர்) அவர்களுக்குச் சொல்வது ஒன்றுதான்: உதட்டை மட்டும் அசையுங்கள், சத்தம் வரக் கூடாது. கதாநாயகியின் வசனம் சுத்தமாகப் பதிவாக வேண்டும் என்பதற்காக எல்லா இடத்திலும் செய்வதுதான் இது. ஆனால் இங்கே பெஞ்சுக் கால்களுக்கெல்லாம் ரப்பர் ஒட்டி, பைகளுக்குள் புத்தகத்துக்குப் பதில் தெர்மோகோல் திணித்து, இன்டர்வெல் மணி அடித்ததும் வராந்தாவில் பாய்கிற காட்சியைக்கூட, கால் ஃபிரேமில் இல்லை என்று சொல்லி, சாக்ஸோடு ஓடவைத்து எடுத்தார்கள்.

நான் தாராவியில் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளியில் படித்தவன். டீச்சர் பாடம் நடத்தும்போதே பக்கத்து வகுப்பு வாய்ப்பாடு சுவரைத் தாண்டி வரும். கேள்வி கேட்டதும் பதில் தெரியாமல் எழுந்து நிற்கிறவன் முதலில் செய்வது, பின்னாலிருந்து யாராவது முணுமுணுக்கிறார்களா என்று காதைத் தீட்டிக்கொள்வதுதான். தொடரில் அதே காட்சி வருகிறது. கதாநாயகி எழுந்து நிற்கிறாள், சுற்றிலும் சத்தமே இல்லாமல் வாயசைக்கும் பெரியவர்கள். அவள் எதைக் கேட்டுத் திணறுவாள், யாருடைய சிரிப்பைக் கேட்டுக் கூசிப்போவாள்? பார்க்கிற நீங்கள் அவளுக்கு நடிப்பு வரவில்லை என்கிறீர்கள்.

இப்படிப் பள்ளியின் சத்தத்தையெல்லாம் துடைத்து எடுத்துவிட்டு மிக்ஸிங்கில், ஏற்கெனவே பதிவு செய்து வைத்த ஒலிகளின் லைப்ரரியிலிருந்து பிள்ளைகள் சத்தத்தை எடுத்துச் சேர்த்தார்கள். ஹெட்ஃபோனில் கேட்டால் அமெரிக்க உச்சரிப்பில் ஒரு சிறுமி யாரையோ கூப்பிடுகிறாள். மும்பைப் பள்ளியில்! ஷூட்டிங்கின்போதே, லஞ்ச் பிரேக்கில் பத்து நிமிஷம் கொடுத்தால் இங்கேயே வைல்ட் ட்ராக், அதாவது கேமரா இல்லாமல் சத்தத்தை மட்டும் எடுத்துத் தருகிறேன் என்று கேட்டுப்பார்த்தேன். நேரமில்லை என்றார்கள். மிச்சம் இருந்த இடத்தையெல்லாம் வயலின் நிரப்பிவிட்டது.

இன்னொன்று, வெளியே பலருக்குத் தெரியாதது. கதாநாயகியின் தம்பியாக நடித்த பையனுக்கு வயது 12. 14 வயதுக்குட்பட்ட பிள்ளைகளை ஒரு நாளில் 5 மணி நேரத்துக்கு மேல் நடிக்கவைக்கக் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து 3 மணி நேரத்துக்கு மேல் கூடாது என்று விதி இருக்கிறது. மிக நல்ல விதி, அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை. ஆனால் இவர்கள் போட்ட திட்டம், அவன் குளோசப்களை முதலில் எடுத்து வீட்டுக்கு அனுப்பிவிட்டு, டூப்பின் முதுகை வைத்து அக்காவின் பக்கத்தை எடுப்பது. அக்காவும் தம்பியும் அழுது சமாதானமாகிற காட்சியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்கவே இல்லை. அந்த 5 மணி நேரத்துக்குள் இருவரையும் ஒரே ஃபிரேமில் வைத்து ஒரு மாஸ்டர், அதாவது முழுக் காட்சியும் ஒரே ஓட்டமாக வருகிற ஷாட் எடுத்திருக்கலாம்.

அமெரிக்காவில் ஃப்ரைடே நைட் லைட்ஸ் என்று ஒரு தொடர், 2006 முதல் 2011 வரை வந்தது, டெக்சாஸில் ஒரு ஹைஸ்கூல் அமெரிக்கக் கால்பந்து அணியைப் பற்றியது. ஆஸ்டின் பக்கம் நிஜமான இடங்களில் எடுத்தார்கள். ஒத்திகை இல்லை, இங்கே நில் அங்கே திரும்பு என்ற கட்டளை இல்லை, மூன்று கேமராக்கள் ஒரே நேரத்தில் ஓடும், நடிகர் போகிற பக்கம் கேமரா போகும். ஒருவர் பேசும்போது மற்றவர் குறுக்கே பேசுவது, சொல்ல வந்ததை விழுங்கிவிடுவது எல்லாம் அதில் அப்படியே இருக்கும். மூன்று கேமராவுக்கு இங்கே பட்ஜெட் இல்லை என்பார்கள். வாயைத் திறந்து பேசச் சொல்வதற்கு என்ன பட்ஜெட்?

ஷெட்யூல் முடிகிற சமயத்தில் டைரக்டர் ஒரே ஒரு டேக்குக்கு ஒப்புக்கொண்டார், எல்லாரும் நிஜமாகவே பேசலாம் என்று. கடைசி பெஞ்சிலிருந்து ஒருவன் அந்தப் பெண்ணுக்குப் பதிலை முணுமுணுத்தான், அவள் அதைத் தப்பாகக் கேட்டுச் சொன்னாள், வகுப்பே வெடித்துச் சிரித்தது, அவள் முகம் நிஜமாகவே சுருங்கியது. அந்த ஷெட்யூலில் நான் பதிவு செய்ததிலேயே சிறந்த டேக் அதுதான். வசனம் தெளிவாக இல்லை என்று எடிட்டில் தூக்கிவிட்டார்கள். அவள் சட்டைக்குள் லேப்பல் மைக், ஒளித்து மாட்டுகிற சின்ன மைக், இருந்தது, அவள் குரல் தனி ட்ராக்கில் பதிவாகியிருந்தது, அதைக் கொஞ்சம் ஏற்றினால் போதும் என்று சவுண்ட் ரிப்போர்ட்டிலேயே எழுதிக் கொடுத்திருந்தோம்.