ஒரே அடுப்படிச் சாப்பாடு; அண்ணனுக்கு எல்டிஎல் 224, எனக்கு 98. இது மரபணுவின் வேலையா?

பொதிகைச்சாரல் (கேள்வி):

வணக்கம். சென்ற மாதம் அண்ணனும் நானும் ஒரே நாளில், ஒரே ஆய்வகத்தில், வெறும் வயிற்றில் ரத்தம் கொடுத்தோம். அவருக்கு வயது 38, எனக்கு 34. கூட்டுக்குடும்பம் என்பதால் பிறந்ததிலிருந்து ஒரே அடுப்படியில் சமைத்ததைத்தான் இருவரும் சாப்பிடுகிறோம். அவர் என்னைவிட ஒல்லி, புகைப்பழக்கமும் இல்லை. இருந்தும் அவருடைய அறிக்கையில் மொத்தக் கொலஸ்ட்ரால் 301, ‘நல்ல கொழுப்பு’ எனப்படும் எச்டிஎல் 44, டிரைகிளிசரைடு என்ற இன்னொரு வகைக் கொழுப்பு 165, ‘கெட்ட கொழுப்பு’ எனப்படும் எல்டிஎல் 224 என்று வந்திருக்கிறது. எனக்கு முறையே 174, 52, 120, 98. (எல்லாம் ஒரு டெசிலிட்டருக்கு மில்லிகிராம் கணக்கில்.)

அறிக்கையைப் பார்த்த மருத்துவர், எண்ணெயைக் குறைத்துவிட்டு ஓராண்டு கழித்து வரச் சொல்லி அனுப்பிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் தேங்காய்ச் சட்னி நின்றுபோய், அண்ணன் ஏதோ குற்றம் செய்தவரைப் போலத் தட்டைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறார். எங்கள் அப்பா 46 வயதில் மாரடைப்பில் இறந்தவர் என்பதால் எனக்கு மனம் ஒப்பவில்லை. ஒரே சாப்பாட்டுக்கு இவ்வளவு வேறுபாடு எப்படி வரும்? மரபணுதான் காரணம் என்றால், அது ரத்தத்தில் இந்த எண்களை எந்த வழியில் மாற்றுகிறது? அண்ணனுக்கு 9 வயதிலும் 5 வயதிலும் இரண்டு பிள்ளைகள் இருக்கிறார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

சோதனைக்குழாய் (மறுமொழி):

சகோதரி, மருத்துவ உயிர்வேதியியல் ஆய்வகத்தில் நெடுங்காலம் வேலை பார்த்தவன் என்ற முறையில், முதலில் எண்களைச் சரிபார்த்துவிடுகிறேன். பல ஆய்வகங்கள் எல்டிஎல்லை நேரடியாக அளப்பதில்லை. மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்டிஎல்லையும், டிரைகிளிசரைடில் ஐந்தில் ஒரு பங்கையும் கழித்துச் சொல்கின்றன. 301இல் 44 போனால் 257. 165இல் ஐந்தில் ஒரு பங்கு 33. அதையும் கழித்தால் 224. 1972இல் ஃப்ரீட்வால்ட் குழுவினர் வெளியிட்ட இந்தக் கணக்கு டிரைகிளிசரைடு 400ஐத் தாண்டினால் காலை வாரிவிடும். உங்கள் அண்ணனுக்கு அந்தச் சிக்கல் இல்லை. ஆனால் மரபணுவைப் பற்றிப் பேசுமுன் தைராய்டு அளவையும், சிறுநீரில் புரதம் போகிறதா என்பதையும் பார்த்துவிட வேண்டும், ஏனெனில் தைராய்டுக் குறைவும் சில சிறுநீரக நோய்களும் எல்டிஎல்லை இதே உயரத்துக்குக் கொண்டுபோகக் கூடியவை.

அவை சரியாக இருந்தால், கல்லீரலின் வாசலைத்தான் பார்க்க வேண்டும். கொழுப்பு நீரில் கரையாது என்பதால், ரத்தத்தில் அது புரதம் சுற்றிய துகள்களாகப் பயணிக்கிறது. இந்தத் துகள்களுக்குத்தான் லிப்போபுரோட்டீன் என்று பெயர். எல்டிஎல் துகள் ஒவ்வொன்றிலும் அப்போபி என்ற பெரிய புரதம் ஒன்றே ஒன்று இருக்கும். கல்லீரல் செல்லின் மேற்பரப்பிலுள்ள எல்டிஎல் ஏற்பி அந்த அப்போபியைப் பற்றித் துகளை உள்ளே இழுத்துக்கொள்ளும். உள்ளே போனதும் மூட்டையை இறக்கி வைத்துவிட்டு, அடுத்த மூட்டைக்காக லாரியடிக்குத் திரும்பும் சுமைதூக்கியைப் போல, ஏற்பி மறுபடி மேற்பரப்புக்கு வந்துவிடும். ஒரு சுற்றுக்கு ஏறத்தாழ 10 நிமிடம் ஆகும். இந்தப் போக்குவரத்தைக் கண்டறிந்த மைக்கேல் பிரவுனுக்கும் ஜோசப் கோல்ட்ஸ்டைனுக்கும் 1985இல் நோபல் பரிசு கிடைத்தது.

கோளாறு மூன்று இடங்களில் வரலாம். ஏற்பியை உருவாக்கும் மரபணுவில் திரிபு, அதாவது பிறவியிலேயே வந்த மாற்றம், இருந்தால் சுமைதூக்கிகளின் எண்ணிக்கை குறையும், அல்லது வந்தவர்களும் மூட்டையைத் தூக்கமாட்டார்கள். அப்போபியில் திரிபு இருந்தால் மூட்டையில் பிடிமானம் இருக்காது. மூன்றாவது பிசிஎஸ்கே9 என்ற புரதம். இது ஏற்பியோடு ஒட்டிக்கொண்டு, மேலே திரும்ப விடாமல் செல்லுக்குள்ளேயே அழியச் செய்வது. இந்தப் புரதம் அளவுக்கு மீறி வேலை செய்யும் திரிபுகளும் எல்டிஎல்லை ஏற்றும். இவற்றில் ஏதேனும் ஒன்று தாய் தந்தையரில் ஒருவரிடமிருந்து வந்தாலே போதும். அந்த நிலையைக் குடும்பவழி மிகைக் கொலஸ்ட்ரால் என்கிறோம். உலகில் ஏறத்தாழ 250 பேருக்கு ஒருவருக்கு இது இருப்பதாக மதிப்பிடப்படுகிறது. உங்கள் அப்பாவுக்கு அது இருந்திருக்குமானால், ஒவ்வொரு பிள்ளைக்கும் சரிபாதி வாய்ப்பு. அண்ணனுக்குப் பூ, உங்களுக்குத் தலை.

இதில் ஒரு எச்சரிக்கையும் உண்டு. இவ்வளவு உயரமான எல்டிஎல் உள்ள எல்லோரிடமும் அப்படியொரு ஒற்றைத் திரிபு அகப்படுவதில்லை. 2010இல் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோரின் மரபணுக்களை ஆராய்ந்தபோது, ரத்தக் கொழுப்பை அசைக்கும் இடங்கள் 95 தென்பட்டன. பின்னர் அந்த எண்ணிக்கை பல மடங்காகிவிட்டது. அவற்றில் பெரும்பாலானவை புரதத்தின் வடிவத்தைத் தொடுவதில்லை. எந்த உறுப்பில் எவ்வளவு சுரக்க வேண்டும் என்பதை மட்டும் சற்றே கூட்டிக் குறைக்கின்றன. அப்படிச் சிறுசிறு ஏற்றங்கள் பல ஒருவரிடமே சேர்ந்துவிட்டாலும் எல்டிஎல் 190ஐத் தாண்டிவிடும். மரபணுப் பரிசோதனை செய்தால் ஒற்றைக் காரணமா, சிறுதுளிப் பெருவெள்ளமா என்பது தெரியலாம்; மருந்தைத் தொடங்க அதுவரை காத்திருக்கத் தேவையில்லை.

அண்ணனின் குதிகாலுக்கு மேலுள்ள தசைநாணைத் தொட்டுப் பாருங்கள். கொழுப்பு படிந்து வழக்கத்தைவிடத் தடித்தும் முடிச்சிட்டது போலவும் இருந்தால் மருத்துவரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

காலைநடை (மறுமொழி):

மரபணு என்றால் தலையெழுத்து; அதற்கு மேல் என்ன செய்வது? என் அனுபவத்தில், தினமும் நடந்து எச்டிஎல்லை 60க்கு மேல் ஏற்றிவிட்டால், கெட்ட கொழுப்பு எவ்வளவு இருந்தாலும் நல்ல கொழுப்பு அதைக் கழுவிவிடும். மாத்திரைக்கு அவசரப்பட வேண்டாம் என்பது என் தாழ்மையான கருத்து.

தாயம் (மறுமொழி):

காலைநடை அவர்களே, நடப்பதை நிறுத்தச் சொல்லமாட்டேன். ஆனால் எச்டிஎல் பற்றிய கணக்கை மரபணு ஆய்வுகளே தலைகீழாக்கிவிட்டன. இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் லிமோனே என்றொரு சிற்றூர் இருக்கிறது. சாலை வருவதற்கு முன்பு அங்கே போவதென்றால் படகு, இல்லையேல் மலைப்பாதை. 18ஆம் நூற்றாண்டில் அங்கே வாழ்ந்த ஒரு தம்பதியிடமிருந்து, எச்டிஎல்லின் முதன்மைப் புரதத்தில் ஒரேயோர் அமினோ அமிலம் மாறிய திரிபு வழிவழியாக இறங்கியிருக்கிறது. அதைச் சுமப்பவர்களின் எச்டிஎல் மிகக் குறைவு. பழைய கணக்குப்படி அவர்களுக்கு இதயநோய் குவிந்திருக்க வேண்டும், ஆனால் அப்படிக் குவியவில்லை. மறுபக்கத்தையும் பாருங்கள். எண்டோதீலியல் லைபேஸ் என்ற நொதியின் மரபணுவில் உள்ள ஒரு திரிபால் பிறவியிலேயே எச்டிஎல் கூடுதலாக இருப்பவர்களை 2012இல் ஆராய்ந்தார்கள். அவர்களுக்கு மாரடைப்பு ஆபத்து குறையவே இல்லை. எச்டிஎல்லை உயர்த்துவதற்காகவே உருவாக்கிய டார்செட்ராபிப் என்ற மருந்தின் ஆய்வையோ, மருந்து எடுத்தவர்களிடையே இறப்பு கூடியதால் 2006 டிசம்பரில் பாதியிலேயே நிறுத்த வேண்டியதாயிற்று.

எல்டிஎல்லின் கதை இதற்கு நேர்மாறானது. சோதனைக்குழாய் ஐயா சொன்ன பிசிஎஸ்கே9 சிலருக்குப் பிறவியிலேயே பாதி செயலிழந்திருக்கும். 2006இல் ஜொனாதன் கோஹன், ஹெலன் ஹாப்ஸ் குழுவினர் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கக் கறுப்பினத்தவரில் 2.6 விழுக்காட்டினரிடம் அத்தகைய திரிபுகள் இருந்தன. அவர்களின் எல்டிஎல் மற்றவர்களைவிட 28 விழுக்காடு குறைவு. 15 ஆண்டுக் கண்காணிப்பில் இதயத் தமனி நோயோ 88 விழுக்காடு குறைவு. நடுவயதில் மாத்திரையால் அதே அளவு எல்டிஎல்லைக் குறைத்தால் இவ்வளவு பெரிய பலன் கிடைப்பதில்லை. அவர்களின் ரத்தக்குழாய்கள் பிறந்த நாளிலிருந்தே குறைந்த எல்டிஎல்லில் நனைந்தவை என்பதே வேறுபாடு. அப்படியானால், பிறந்த நாளிலிருந்து 38 ஆண்டுகள் 200க்கு மேலிருக்கும் ரத்தத்தில் நனைந்த குழாய்களை என்ன சொல்வது? ஓராண்டு கழித்து வரச் சொன்னதில் எனக்கு உடன்பாடில்லை.

தலையெழுத்து என்பதும் தவறு. பெற்றோரில் ஒருவரிடமிருந்து வந்த மரபணுப் பிரதி பழுதானாலும், மற்றவரிடமிருந்து வந்த பிரதி நல்லதாக இருப்பதால், கொழுப்பைக் குறைக்கும் ஸ்டேட்டின் மாத்திரை அந்த நல்ல பிரதியைக் கொண்டே அதிக ஏற்பிகளை உருவாக்க வைக்கிறது. அதுவும் போதாதவர்களுக்கு, மேலே சொன்ன பிசிஎஸ்கே9ஐயே கட்டிப்போடும் ஊசிமருந்துகள் 2015 முதல் இருக்கின்றன. அந்த மருந்தின் யோசனையே திரிபு கொண்ட குடும்பங்களிலிருந்து பிறந்ததுதான். தேங்காயைப் பற்றி ஒரு வரி: நிறைவுற்ற கொழுப்பு ஏற்பிகளின் வேலையை மந்தப்படுத்துவதால் அளவைக் குறைப்பது நல்லதே, ஆனால் 224ஐ 100க்கு இறக்கும் வலிமை சட்னிக்கு இல்லை.

பொதிகைச்சாரல் (தொடர்ச்சி):

அனைவருக்கும் நன்றி. வேறொரு மருத்துவரைப் பார்த்தோம். தைராய்டும் சிறுநீரும் சரியாக இருக்கின்றன. குதிகால் தசைநாண் இரண்டு கால்களிலும் விரல் பருமனுக்குத் தடித்திருக்கிறது. கல்லூரி நாளில் கால்பந்தில் பட்ட அடி என்று அண்ணன் இத்தனை நாள் நினைத்திருக்கிறார். அதைச் சொன்னபோது அம்மா, அப்பாவின் விரல் கணுக்களிலும் கொண்டைக்கடலை அளவில் கட்டிகள் இருந்ததையும், உளி பிடித்துப் பிடித்துக் காய்த்துப்போனதாக அவர் சொல்லி வந்ததையும் நினைவுகூர்ந்தார். அன்றே மாத்திரை தொடங்கிவிட்டார்கள். கூடவே எங்கள் இருவருக்கும் லிப்போபுரோட்டீன்(ஏ) பார்த்தார்கள். அண்ணனுக்கு 11 மில்லிகிராம், எனக்கு 92. என்னுடைய எல்டிஎல் 98 என்று நிம்மதியாக இருந்தேனே, இது என்ன புதிதாக?

சோதனைக்குழாய் (மறுமொழி):

எல்டிஎல் துகளோடு இன்னொரு புரதம் கூடுதலாகக் கோத்துக்கொண்டதுதான் லிப்போபுரோட்டீன்(ஏ). நார்வேயில் காரே பெர்க் 1963இல் கண்டறிந்தார். அந்தக் கூடுதல் புரதத்தில் 'கிரிங்கிள்' எனப்படும் வளையங்கள் வரிசையாக இருக்கும்; அது ஸ்காண்டிநேவியப் பலகாரம் ஒன்றின் பெயர், நம் முறுக்குக்குத் தூரத்து உறவு என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குறிப்பிட்ட வளையம் எத்தனை முறை திரும்ப வருகிறது என்பது ஆளுக்கு ஆள் மாறும். முறுக்குச் சிறிதாக இருந்தால் கல்லீரல் அதை விரைவாகச் செய்து ரத்தத்துக்குள் அனுப்பிவிடும். ஆகவே வளையங்கள் குறைந்தவர்களுக்கு அளவு கூடும். உணவாலோ நடையாலோ இது பெரிதாக அசையாது, ஸ்டேட்டினும் இறக்காது. பொதுவாக 50க்கு மேல் என்றால் கவனிக்க வேண்டிய அளவு. தெற்காசியரிடையே இது ஐரோப்பியரைவிடக் கூடுதலாகக் காணப்படுகிறது.

இந்த மரபணு 6ஆம் குரோமோசோமில் இருக்கிறது. எல்டிஎல் ஏற்பியின் மரபணுவோ 19இல். இரண்டும் தனித்தனியாகவே பிள்ளைகளுக்கு இறங்குகின்றன என்பதால், அண்ணனுக்கு ஒன்றும் உங்களுக்கு மற்றொன்றும் வாய்த்திருப்பதில் வியப்பில்லை. உங்களுடையது அப்பாவிடமிருந்து வந்ததா, அம்மாவிடமிருந்தா என்பதை அம்மாவின் ரத்தம் சொல்லக்கூடும். இதற்கென்றே மாத்திரை இன்று மருந்துக்கடையில் கிடையாது. ஆகவே உங்கள் மருத்துவர் எல்டிஎல், ரத்த அழுத்தம், சர்க்கரை மூன்றையும் மற்றவர்களைவிடக் கண்டிப்பாகக் கவனிப்பார். அண்ணன் பிள்ளைகளை மறந்துவிடாதீர்கள். பெற்றோரில் ஒருவருக்கு இந்நிலை இருந்தால், 5 வயதிலிருந்தே பிள்ளைகளின் எல்டிஎல்லைப் பார்க்கலாம் என்பது ஐரோப்பிய வல்லுநர்களின் பரிந்துரை.

பொதிகைச்சாரல்:

சனிக்கிழமை காலையில் அம்மாவையும் பிள்ளைகளையும் அழைத்துப் போகிறோம். சின்னவனுக்கு ஊசி என்றால் பயம். திரும்பும் வழியில் முறுக்கு வாங்கித் தருவதாகச் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்திருக்கிறேன்.